நிலம் ஆடாத ஊரும் ஆடும் நாடும்: சுனாமி எச்சரிக்கை, பின்னதிர்வு பற்றி ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் சுனாமியைப் பற்றி இரண்டு கதைகள் நிலைத்துவிட்டன. கடல் முதலில் உள்வாங்கும், அதைக் கண்டபிறகு ஓடினால் போதும் என்பது ஒன்று. 2004 க்குப் பிறகு எத்தனையோ தரம் எச்சரித்தார்கள், ஒன்றும் வரவில்லையே என்பது மற்றது. இரண்டும் ஆளைக் கொல்லக்கூடிய கதைகள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்த வழிகாட்டி இரண்டு பேருக்கு. ஒருவர் பருத்தித்துறை முனையிலோ தாளையடியிலோ கடலோரம் வீடு வைத்திருப்பவர். மற்றவர் படிக்கவோ வேலைக்கோ ஜப்பான் போயிருக்கும் அவருடைய மகன், மகள் அல்லது பெறாமகன். இருவரும் ஒரே குடும்பம், ஒரே வட்ஸ்அப் குழு. ஆனால் ஒருவருக்குச் சரியான புத்தி மற்றவருக்குப் பிழையாகப் போகலாம். ஊரில் நிலம் ஆடாமலே கடல் வரும். ஓட மணித்தியாலக் கணக்கில் நேரம் கிடைக்கும். அங்கே நிலம் ஆடுவதுதான் முதல் எச்சரிக்கை. சில வேளை கையில் இருப்பது சில நிமிடம் மட்டுமே. இரு இடத்துக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு: முதல் அடியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் திரும்பிப் போவது.

முதலில் விளங்க வேண்டியது: நமக்கு எங்கிருந்து வரும்

இலங்கைக்கு அருகில் பெரிய புவித்தட்டு எல்லை எதுவும் இல்லை. நம்முடைய கிழக்கு, வடகிழக்குக் கரைக்குச் சுனாமியை அனுப்பக்கூடிய இடம் சுமாத்திராவில் இருந்து நிக்கோபார், அந்தமான் வரை நீளும் சுந்தா அகழி, இரண்டு தட்டுகள் முட்டும் ஆழ்கடல் பள்ளம். 2004 டிசம்பர் 26 இல் அங்கே 1,200 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு நிலம் பிளந்தது, அளவு 9.1. நடுக்க மையம் பருத்தித்துறையில் இருந்து ஏறக்குறைய 1,900 கிலோமீற்றர். இலங்கை நேரம் காலை 6.59. (அந்த நாட்களில் நம்முடைய மணிக்கூடு இன்றையதைவிட அரை மணித்தியாலம் முந்தி ஓடியது, இன்றைய கணக்கில் 6.29.) அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் சொல்வதற்கு ஒரு அமைப்பும் இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. நாடு முழுவதும் 30,000 க்கும் மேற்பட்டோர் போனார்கள். உடுத்துறை சுனாமி நினைவாலயத்துக்குப் போனவர்களுக்கு நம் பக்கத்துக் கணக்கு தெரியும்.

சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றர் ஓடும். 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது 36 கிலோமீற்றர் அளவுக்குக் குறையும். குறைந்த வேகத்துக்குப் பதிலாக உயரம் கூடும். கண்ணால் கண்டபிறகு மணலில் ஓடித் தப்ப அந்தக் குறைந்த வேகமும் விடாது.

இனி அந்த உள்வாங்கும் கதை. சுந்தா அகழியில் தட்டு வழுக்கும்போது மேற்குப் பக்கக் கடலடி மேலே எழும், கிழக்குப் பக்கம் தாழும். அதனால் 2004 இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் வற்றியது. நம் பக்கத்துக்கும் இந்தியாவுக்கும் முதலில் வந்தது ஏறுகின்ற நீர். அதன் பிறகுதான் கடல் பின்வாங்கியது, அதற்கும் பிறகு மறுபடி ஏறியது. ஆகவே கடல் வற்றினால் ஓடுங்கள். ஆனால் வற்றும்வரை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நம் கரையில் வற்றுவது பெரும்பாலும் இரண்டாவது காட்சி.

நடுக்கம் நமக்கு உணரவே மாட்டாதா என்றால், சில வேளை உணரும். 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் நடந்ததை இலங்கையில் பலர் உணர்ந்தார்கள். தூரத்துப் பெரிய நடுக்கம் உலுக்காது; மெதுவாக, நீண்ட நேரம் அசைக்கும். தொங்கும் விளக்கு காற்றில்லாமல் ஆடும், கிணற்றுத் தண்ணீர் தளும்பும், தலை சுற்றுவது போல இருக்கும். அப்படி ஒன்று நடந்தால் வானொலியைப் போடுங்கள். ஒன்றும் உணராவிட்டால் ஆபத்து இல்லை என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். நடுக்கத்துக்கே பழகிய ஜப்பானியரும் இதில் அகப்பட்டிருக்கிறார்கள்: 1960 மே 22 இல் சிலி நாட்டில் 9.5 அளவில் நடந்ததை ஜப்பானில் யாரும் உணரவில்லை. ஏறக்குறைய ஒரு நாள் கழித்து அலை மட்டும் வந்தது. 100 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இன்றைக்கே செய்து வைக்க வேண்டியது

முதலில் வழி. வீட்டில் இருந்து கரைக்கு எதிர்ப்பக்கமாக எந்த ஒழுங்கையால், எந்த வீதியால், எங்கே போவது என்று தீர்மானித்து ஒரு தரமாவது முழுக் குடும்பமும் நடந்து பாருங்கள். உலகப் பொது அறிவுரை 30 மீற்றர் உயரம் அல்லது 3 கிலோமீற்றர் உள்ளே. யாழ்ப்பாணத்தில் ஏற மலை இல்லை. ஆகவே நமக்குத் தூரம்தான் கணக்கு.

பருத்தித்துறை, தும்பளைக்காரர் மந்திகை, நெல்லியடிப் பக்கம். வல்வெட்டித்துறைக்காரர் உடுப்பிட்டிப் பக்கம். இவர்களுக்குச் சிக்கல் குறைவு, பின்னால் திடமான நிலம் இருக்கிறது. வடமராட்சி கிழக்குதான் கடினம். மணற்காடு, நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, மருதங்கேணி, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று நீளும் ஊர்கள் பெரும்பாலும் கடலுக்கும் களப்புக்கும் இடையில் ஒரு ஒடுங்கிய மணல் துண்டில் இருக்கின்றன. கரையோர வீதியால் வடக்கே தெற்கே ஓடுவது தூரம் போன மாதிரித் தோன்றும். கடலில் இருந்து ஒரு அடியும் விலகியிருக்க மாட்டீர்கள். உள்நாட்டுக்குத் திரும்பும் குறுக்கு வீதி எது என்று தெரிந்திருக்க வேண்டும். மருதங்கேணிக்காரருக்கு அது புதுக்காட்டுச் சந்திக்குப் போகும் வீதி. மாரியில் அந்தக் குறுக்கு வீதிகளில் எங்கே வெள்ளம் நிற்கும் என்பதையும் பார்த்து வையுங்கள். 2004 இல் வந்ததும் மாரியில்தான். களப்பைத் தாண்டாமல் அதன் விளிம்பில் போய் நிற்பதில் பலனில்லை, கடல் களப்புக்குள்ளும் ஏறும்.

நேரம் போதாவிட்டால், நல்ல கொங்கிரீட் தூண்கள் உள்ள மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தட்டு. மணற்காட்டு மணற்குன்று உயரமாகத்தான் தெரியும், ஆனால் மணல் அரிபடும். பனையில் ஏறித் தப்பலாம் என்பது ஏறத் தெரிந்தவர்களுக்கு, அதுவும் வேறு வழியே இல்லாத கடைசிக் கட்டத்தில்.

தீவுப்பகுதியும் குருநகர், பாசையூர், நாவாந்துறையும் இந்தத் திசைக்கு நேர் எதிரில் இல்லை. 2004 இலும் குடாநாட்டில் அடி விழுந்தது வடகிழக்குக் கரைக்குத்தான். அதற்காகக் கரையில் நிற்கலாம் என்று இல்லை. எச்சரிக்கை வேளையில் பண்ணைப் பாலம், புங்குடுதீவுப் பாலம் போன்ற கடல் வீதிகளில் ஏறாதீர்கள். தீவில் இருந்தால் தீவின் நடுப்பகுதிக்குப் போங்கள்.

இரண்டாவது பை. அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகம், தினமும் எடுக்கும் மருந்து, கண்ணாடி, பற்றரி வானொலி, ரோர்ச், பவர் பாங்க், தண்ணீர், ஒரு சாரம், ஒரு போர்வை. நகை வைத்திருப்பவர்கள் அதை இந்தப் பையோடு சேர்த்து எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். எச்சரிக்கை வந்தபிறகு அரிசிப் பானைக்குள்ளும் சீலை மடிப்புக்குள்ளும் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. உறுதியைப் படம் பிடித்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு இன்றே அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, ஒருவரை ஒருவர் தேடிப் போவதில்லை என்ற ஒப்பந்தம். ஜப்பானில் சன்ரிக்குக் கரையில் தலைமுறைகளாக ஒரு வழக்கு இருக்கிறது: சுனாமி வந்தால் அவரவர் அவரவர் பாட்டில் ஓட வேண்டும். கேட்க ஈவிரக்கம் இல்லாதது போல இருக்கும். ஆனால் அதன் உட்பொருள் நம்பிக்கை: பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்து தானாகப் போயிருக்கும் என்று தாய்க்குத் தெரியும், தாய் வீட்டில் காத்திருக்க மாட்டாள் என்று பிள்ளைக்குத் தெரியும். நம்மூரில் ஒரு மோட்டார் சைக்கிள் நான்கு பேரைச் சேர்க்க ஊர் முழுவதும் சுற்றும். கரையோரப் பள்ளிக்கூடம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோகும் என்று அதிபரிடம் கேட்டு வையுங்கள். அங்கேயே போய்ச் சேருங்கள். நடக்கமாட்டாத அப்பு, ஆச்சி இருந்தால் அவர்களை யார், எந்த வாகனத்தில் ஏற்றுவது என்று பெயர் சொல்லித் தீர்மானியுங்கள். பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்ரராக இருந்தாலும் சரி, முன்கூட்டியே பேசிவைத்தால்தான் வரும்.

கோயில் தர்மகர்த்தாக்களும் பங்குச் சுவாமியாரும் கிராம சேவையாளரும் ஒருநாள் கூடிப் பேசி, வழமையாக அடிக்காத ஒரு மாதிரியில் மணி அடிப்பது என்று முடிவெடுத்தால் அது கரையோர எச்சரிக்கைக் கோபுரத்துச் சைரனைவிட நம்பகமானது. மின்சாரம் இல்லாவிட்டாலும் மணி அடிக்கும்.

செய்தி வந்ததும்: எதை நம்புவது

2011 இல் இருந்து இந்து சமுத்திரத்துக்கு இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் எச்சரிக்கைத் தகவல் வழங்குகின்றன. இந்தியாவின் நிலையம் ஹைதராபாத்தில். பெரிய நடுக்கம் நடந்து ஏறக்குறைய பத்து நிமிடத்தில் முதல் அறிக்கை வரும். இலங்கையில் அதைப் பார்த்து முடிவெடுப்பது வளிமண்டலவியல் திணைக்களம். மக்களுக்குக் கொண்டு சேர்ப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம்: வானொலி, தொலைக்காட்சி, பொலிஸ், படையினர், கச்சேரி (மாவட்டச் செயலகம்), பிரதேச செயலகம், கிராம சேவையாளர். சந்தேகம் இருந்தால் 117 க்கு எடுங்கள்.

முதல் அறிக்கை நடுக்கத்தின் அளவையும் இடத்தையும் மட்டும் வைத்து எழுதப்படுவது. அலை உண்மையில் கிளம்பியதா என்பதை ஆழ்கடல் மிதவைகளும் துறைமுகங்களின் நீர்மட்ட மானிகளும் பிறகுதான் சொல்லும். 2012 ஏப்ரல் 11 இல் 8.6 அளவில் நடந்தது, எச்சரிக்கை வந்தது, கரை முழுவதும் எழும்பி ஓடியது. ஆனால் அங்கே நிலம் பக்கவாட்டில் வழுக்கியது, கடலடி மேலே எழவில்லை. அதனால் அலை சிறியது. இது முதல் பத்து நிமிடத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆகவே ஓடிப் போய் ஒன்றும் வராமல் திரும்பிய நாளை ஏமாந்த நாளாக எண்ணாதீர்கள். அமைப்பு வேலை செய்தால் அப்படியான நாட்கள்தான் அதிகம் இருக்கும்.

வதந்தியைப் பிடிக்க எளிய வழி: உண்மையான எச்சரிக்கை நடந்து முடிந்த ஒரு நடுக்கத்தைப் பற்றிப் பேசும், எந்த நேரம், எந்த இடம், எந்த அளவு என்று சொல்லும். நாளை மறுநாள் இரவு வரப்போகிறது என்று முன்கூட்டியே நாள் குறித்து வருவது பொய். நிலநடுக்கத்துக்கு நாள் குறிக்க இன்று உலகத்தில் ஒருவராலும் முடியாது. கனடாவில் இருந்து மாமி அனுப்பிய குரல் பதிவாக இருந்தாலும் இதே சோதனைதான். அரச வாயில் இருந்து வருவதும் சில வேளை பிழைக்கும்: 2004 டிசம்பர் 30 இல் இந்திய உள்துறை அமைச்சு விடுத்த எச்சரிக்கையால் தமிழ்நாட்டுக் கரை மறுபடி பதறி ஓடியது, அலை வரவில்லை. என்றாலும் அதிகாரபூர்வமாக வந்தால் முதலில் நகருங்கள். விசாரிப்பதை உள்ளே போய் விசாரிக்கலாம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு ஒரு வார்த்தை. ஊருக்கு எச்சரிக்கை என்று கேட்டதும் பத்துப் பேரும் பத்துத் தரம் எடுக்காதீர்கள். லைன் அடைபடும், பற்றரி தீரும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் உத்தியோகபூர்வ அறிக்கைகளைப் படித்துக் குறுஞ்செய்தியாக அனுப்பட்டும்.

புறப்படுதல்

கணக்கைப் பாருங்கள். நடுக்கத்தில் இருந்து அலைக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். அறிக்கை வந்து, முடிவெடுத்து, ஊருக்குச் சொல்ல அரை மணித்தியாலம் போனாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மிஞ்சும். 3 கிலோமீற்றரை வயதானவரும் மெல்ல நடந்து போகலாம். ஆகவே நடக்கக்கூடியவர்கள் நடந்தோ சைக்கிளிலோ போங்கள். வாகனத்தை நடக்க முடியாதவர்களுக்கு விடுங்கள். பருத்தித்துறையில் இருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் காரையும் வானையும் எடுத்தால் வீதி அடைபடும். காஸ் சிலிண்டரைப் பூட்டுங்கள், மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். மாடு, ஆடு, நாயை அவிழ்த்து விடுங்கள். கட்டோடு விட்டால் தப்ப வழியில்லை.

வலை, இயந்திரம், வள்ளம் இவற்றைக் காப்பாற்றக் கரைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு வெளியிணைப்பு இயந்திரத்தின் விலை என்ன என்று எனக்கும் தெரியும், கடன் இன்னும் முடிந்திருக்காது என்றும் தெரியும். வேண்டுமானால் எச்சரிக்கை வராத சாதாரண நாட்களில் இயந்திரத்தைக் கழற்றி உள்ளே வைக்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். அந்த நாளில் போகாதீர்கள்.

கடலில் இருப்பவர்கள் கரைக்குத் திரும்பக் கூடாது. ஆழ்கடலில் சுனாமி படகுக்கு அடியால் தெரியாமலே போகும். கரையை நெருங்கத்தான் அது உயரும். வடகிழக்கே தொழிலுக்குப் போனவர்கள் இன்னும் வெளியே, ஆழத்துக்குப் போங்கள். பாக்கு நீரிணைப் பக்கம் அந்த ஆழம் கிடையாது. கரையில் எச்சரிக்கை கேட்டவர்கள் அங்கே புதிதாகக் கடலுக்கு இறங்கவே வேண்டாம்.

உள்ளே போய்ச் சேர்ந்த பிறகு: காத்திருக்கும் மணித்தியாலங்கள்

இதுதான் மிகக் கடினமான படி. ஓடும்போது பயம் உதவி செய்யும். நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்தபிறகு பயம் போய், வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்ற யோசனை வரும்.

சுனாமி ஒரு அலை அல்ல, ஒரு வரிசை. இரண்டு அலைக்கு இடையில் பத்து நிமிடமும் இருக்கலாம், ஒரு மணித்தியாலமும் இருக்கலாம். எது பெரியது என்று முன்கூட்டியே தெரியாது. 2004 இல் தெற்கே பெரலியவில் முதல் அலை புகையிரதத்தை நிறுத்தியது. பாதுகாப்பு என்று எண்ணி ஊர்ச்சனமும் பெட்டிகளுக்குள்ளும் மேலும் ஏறியது. அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளையே புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். அமெரிக்காவின் கிறசன்ற் சிற்றியில் 1964 மார்ச்சில் அலாஸ்கா நடுக்கத்தின் அலை வந்தபோது முதல் அலைகள் வடிந்ததும் சிலர் கடையைத் துப்புரவாக்கத் திரும்பினார்கள். நான்காவது அலைதான் மிகப் பெரியது. 2025 ஜூலை 30 இல் ரஷ்யாவின் கம்சட்காவில் 8.8 நடந்தபோது ஜப்பான் தன் கரையோர மக்களை மறுநாள் வரையும் கடலுக்குக் கிட்டப் போக விடவில்லை. அங்கேயும் முதலில் வந்தது மிக உயர்ந்த அலை அல்ல.

இதற்குள் பின்னதிர்வுகள், அதாவது பெரிய நடுக்கத்தைத் தொடர்ந்து அதே பகுதியில் நடக்கும் நடுக்கங்கள், வரும். நமக்கு அவை பெரும்பாலும் உணராது, ஆனால் நம் மணிக்கூட்டைத் திருப்பி வைக்கும். 2012 ஐ எடுங்கள்: பிற்பகல் 2.08 க்கு 8.6, 4.13 க்கு 8.2. முதலாவதன் கணக்கு முடிய முன்னரே இரண்டாவது தொடங்கிவிட்டது. பின்னதிர்வில் மிகப் பெரியது பொதுவாக முதன்மை நடுக்கத்தைவிட 1.2 அளவு குறைவாக இருக்கும் என்பது நில அதிர்வியலாளர் பயன்படுத்தும் ஒரு சராசரி. 9 அளவு நடுக்கத்துக்கு அப்படிப் பார்த்தாலும் 7.8, அது தனியாகவே சுனாமி கிளப்பப் போதுமானது. 2012 இல் அந்தச் சராசரியும் பொய்த்தது. 2004 க்குப் பிறகு மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 இல், அகழியின் பக்கத்துத் துண்டே 8.6 அளவில் வெடித்தது. இரவு பத்து மணிக்குப் பிறகு கரை மறுபடி எழும்பி ஓடியது.

ஆகவே விறாந்தையில் இருப்பவருக்கு நடைமுறை இது. எச்சரிக்கை நீக்கப்பட்டது என்ற அறிவிப்பு வளிமண்டலவியல் திணைக்களம் அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பெயரில் வரவேண்டும். பொலிசாரோ கிராம சேவையாளரோ அதை உறுதிப்படுத்த வேண்டும். கடல் அமைதியாக இருக்கிறது என்று யாரோ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது நீக்கம் இல்லை. காத்திருக்கும் நேரத்தில் புதிதாகப் பெரிய நடுக்கம் என்று வானொலி சொன்னால் அதன் நேரத்தைக் குறித்து அதில் இருந்து இரண்டு மணித்தியாலத்தைத் திரும்ப எண்ணத் தொடங்குங்கள். இளம் பெடியளைக் கண்காணியுங்கள். போனில் படம் எடுக்கக் கரைக்குப் போகும் கூட்டம் 2004 இல் இருக்கவில்லை, இப்போது இருக்கும்.

நிலம் ஆடும் நாட்டில் இருக்கும் பிள்ளைக்கு

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு ஒழுங்கு தலைகீழ். ஆடும்போது வெளியே ஓடாமல் மேசைக்குக் கீழ் புகுந்து தலையைக் காத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். போனில் முன்னெச்சரிக்கை அலறினால் கிடைப்பது சில விநாடி. பின்னதிர்வு உங்களுக்குக் கிட்ட நடந்தால் ஆட்டம் முதலில் வந்து அலறல் பிறகு வரும். அதை நம்பி நிற்க வேண்டாம்.

ஆட்டம் நின்றதும் சப்பாத்தைப் போடுங்கள். கண்ணாடித் துண்டில் கால் வெட்டிய ஆள் அடுத்த அதிர்வில் ஓட முடியாது. கதவைத் திறந்து வையுங்கள், சட்டம் நெளிந்தால் பிறகு திறக்காது. அடுப்பை நிறுத்துங்கள். லிஃப்ட் வேண்டாம். தெருவில் கல் மதிலுக்கும் குளிர்பான இயந்திரத்துக்கும் தள்ளி நடவுங்கள். வீட்டை விட்டுப் போவதாக இருந்தால் மின் பிரேக்கரை நிறுத்துங்கள்: 1995 இல் கோபே நகரில் மின்சாரம் திரும்பி வந்தபோது அறுந்த வயர்களில் இருந்தும் கவிழ்ந்த ஹீற்றர்களில் இருந்தும் பல வீடுகள் தீப்பிடித்தன.

பின்னதிர்வுகளின் எண்ணிக்கை ஒரு ஒழுங்கில் குறையும். ஒமோரி என்ற ஜப்பானிய அறிஞர் 1894 இலேயே அதைக் கண்டார்: முதல் நாளில் நூறு என்றால் பத்தாம் நாளில் ஏறக்குறைய பத்து. குறைவது எண்ணிக்கை, ஒவ்வொன்றின் பலமும் அப்படிக் குறையும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அதிலும் முதலில் வந்ததுதான் பெரியது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2016 ஏப்ரல் 14 இரவு குமமோட்டோவில் 6.5. எல்லோரும் அதை முதன்மை நடுக்கமாக எடுத்துக்கொண்டார்கள், சிலர் வீடு திரும்பிப் படுத்தார்கள். 16 ஆம் திகதி அதிகாலை 7.3 வந்தது. அளவில் ஒரு படி கூடினால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு. கட்டடம் இடிந்து இறந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதில்தான் போனார்கள். அதன் பிறகு அந்நாட்டு வானிலை முகமை தன் பேச்சையே மாற்றி, அடுத்த ஒரு வாரத்துக்கு இதே அளவு ஆட்டம் வரலாம் என்று எச்சரிக்கத் தொடங்கியது. நீங்களும் அந்த வாரம் முழுவதும் கனமான அலுமாரிக்குப் பக்கத்தில் படுக்காதீர்கள். உடுப்போடு, சப்பாத்தும் ரோர்ச்சும் கைக்கெட்ட வைத்துப் படுங்கள். கட்டடத்தில் ஒட்டிய பரிசோதனைத் தாள் சிவப்பு என்றால் கடவுச்சீட்டு உள்ளே இருந்தாலும் ஏறாதீர்கள். பச்சை வரும்வரை பள்ளிக்கூட மண்டபம்.

கடலோரத்தில் இருக்கிறீர்கள், பலமாகவோ நீண்ட நேரமோ ஆடியது என்றால் எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுக்கு நடவுங்கள். 2024 ஜனவரி 1 இல் நோட்டோ தீபகற்பத்தில் சில கரைகளை அலை சில நிமிடத்தில் எட்டியது. ஜப்பானில் எச்சரிக்கை மூன்று படி: 1 மீற்றர் வரை ஆலோசனை, 3 மீற்றர் வரை எச்சரிக்கை, அதற்கு மேல் பெரும் சுனாமி எச்சரிக்கை. தொலைக்காட்சியில் 'ஓட்சுனாமி கெய்ஹோ' என்று கேட்டால் அது மூன்றாவது; 'நிகெதே' என்றால் ஓடு; 'யோஷின்' என்றால் பின்னதிர்வு. கடற்கரையில் சிவப்பு வெள்ளைக் கட்டங்கள் போட்ட கொடி அசைந்தால் அதுவும் சுனாமிக்குத்தான். அறிவிக்கும் உயரத்தை நம்பி நேரத்தை அளக்காதீர்கள். 2011 மார்ச் 11 இல் இவாதே மாகாணத்துக்கு முதலில் சொன்னது 3 மீற்றர். பிறகு கூட்டினார்கள், அதற்குள் மின்சாரம் போய்ப் பலருக்கு அது கேட்கவே இல்லை. 2013 இல் இருந்து மிகப் பெரிய நடுக்கங்களுக்கு முதல் அறிவிப்பில் மீற்றர் கணக்கே சொல்வதில்லை.

மேட்டில் ஏறியதும் வீட்டுக்கு ஒரு வரி: 'நான் மேட்டில், சுகம், மாலை திரும்ப எழுதுகிறேன்.' அங்குள்ள நண்பர்களுக்கு 171 என்ற குரல்செய்தி இலக்கம் இருக்கிறது. அம்மாவுக்கும் ஒன்று: அதற்குமேல் எடுக்காதீர்கள். பிள்ளைக்கு அந்தப் பற்றரி இரவு முழுவதும் தேவை.

கரைக்குத் திரும்பிய பிறகு

நீக்க அறிவிப்பு வந்து, உண்மையில் நீர் ஏறியிருந்தால், திரும்பும் வழியில் முகமாலை, நாகர்கோவில் பக்கத்து மணலைக் கவனியுங்கள். வெள்ளம் கிளறிய மணலில் பழைய வெடிபொருள் மேலே வரலாம்; தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள். அறுந்த மின்கம்பிக்கும் அதே விதி.

கிணறு நம்மவர் அவசரப்பட்டுக் கெடுக்கும் விடயம். உப்புநீர் ஏறிய கிணற்றை மோட்டார் போட்டு அடியோடு இறைத்தால் நல்ல தண்ணீர் ஊறும் என்று தோன்றும். கடலோர மணலிலும் சுண்ணக்கல்லிலும் நன்னீர் என்பது கீழே கிடக்கும் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய படை. 2004 க்குப் பிறகு கிழக்கு மாகாணத்தில் கடுமையாக இறைத்தபோது கீழிருந்த உப்பும் சேர்ந்து மேலே ஏறியது. குப்பையையும் சேற்றையும் எடுத்து, கொஞ்சமாக இறைத்து, மழை கழுவ விடுங்கள். குளோரின் போடுவது, எப்போது குடிக்கலாம் என்பதெல்லாம் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பரிசோதித்துச் சொல்ல வேண்டியவை. அதுவரை பவுசர் தண்ணீர். பாத்திரம் கழுவவும் கிணற்றை நம்ப வேண்டாம். இடிந்த மலகூடக் குழி கிணற்றுக்குப் பக்கத்தில் என்றால் அதையும் பி.எச்.ஐ.யிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.